பசைச் சட்டி

சட்டி காலியாக இருந்தது. காலையில் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி விழாமல் கை ஓயாமல் துழாவி, தயிர்ப் பதத்தில் இறக்கி, ஆறட்டும் என்று குசினி யன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனவள்தான் சர்மிதா. அம்மாவின் சீலைகளை அலசிக் கொடியில் போட்டுவிட்டு வந்து பார்த்தால் பசையின் மணம் மட்டும் மிஞ்சியிருந்தது. சட்டி கவிழவில்லை, யன்னல் விளிம்பில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆரோ பொறுமையாக வழித்து வழித்துத் துடைத்தது போல உட்பக்கம் மினுங்கியது.

எந்தச் சனியன் என்று வாய்விட்டே திட்டினாள். பூனை என்றால் சட்டியை உருட்டியிருக்கும், எலி என்றால் புழுக்கை போட்டிருக்கும், காகம் இவ்வளவு துப்புரவாகச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. ஒரு காலை வேலை மண்ணாய்ப் போனது. திரும்பவும் மா, திரும்பவும் அடுப்பு, திரும்பவும் துழாவல். அவளுக்கு அழுகை வரவில்லை, பத்திக்கொண்டுதான் வந்தது.

விறாந்தை முழுக்கப் புத்தகங்கள். கார்த்திகை மழையில் சுருவில் ஊர் வாசிகசாலைக்குள் தண்ணீர் ஏறி, கீழ்த் தட்டுகளில் இருந்ததெல்லாம் ஊறிப்போய்க் கிடந்தபோது, தலைவர் வேதநாதன் மாஸ்ரர் அவற்றை உரப் பைகளில் கட்டிக்கொண்டு வந்து இவள் வீட்டில் இறக்கினார். அம்மா படுக்கையில் விழுவதற்கு முன் சர்மிதா யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் புத்தகம் கட்டும் பகுதியில் வேலை செய்தவள் என்பது ஊருக்கே தெரியும். தைப் பொங்கலுக்கு வாசிகசாலை திறக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் ஒவ்வொன்றாகப் பிரித்து, தாள்களுக்கு இடையில் பத்திரிகை வைத்து ஈரம் எடுத்து, பூஞ்சணத்தைப் பழைய சவரப் பிரஷால் தட்டி, கிழிசலுக்கு மெல்லிய தாள் ஒட்டி, மெழுகு பூசிய நூலால் தைத்து, முதுகுக்குத் துணி போட்டு, மட்டை கட்டவேண்டும். வீடு முழுக்கச் சேற்று மணம். அதற்கு மேலே டெற்றோல் மணம், அம்மாவின் அறையிலிருந்து.

அம்மா சௌந்தரநாயகி பாரிசவாதம் வந்து விழுந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. வலப்பக்கம் விளங்காது. தானாகக் கட்டிலை விட்டு இறங்க ஏலாது. அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான், அம்மா சாப்பிடுகிறாளில்லை. கஞ்சியை வாயில் வைத்தால் கடைவாயால் வழியவிடுவாள். குழைத்த சோற்றைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்திருந்து, ஒரு மணித்தியாலம் கழித்துத் தலையணையில் துப்புவாள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி டொக்ரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார், இப்படியே போனால் ஆள் கன நாளைக்குத் தாங்காது என்று. கனடாவில் இருக்கிற அண்ணன் தேனுஜன் கைபேசிக்குள் முகத்தைக் காட்டி, அம்மாவுக்கு ஒழுங்காகச் சாப்பாடு குடு என்று புத்தி சொல்வான். குடுக்கத் தெரியாமலா இருக்கிறாள். விழுங்க வைக்கத்தான் வழி தெரியவில்லை.

அந்த எரிச்சலில்தான், சட்டி காலியாவதற்கு முதல்நாள், அவள் ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

புத்தகங்களுக்கு மட்டை கிடைப்பது வில்லங்கமாக இருந்தது. தடித்த மட்டை வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் போகவேண்டும். அம்மாவை ஒரு முழு நாள் தனியே விட முடியாது. அச்சகத்தில் பழைய ஆட்கள் மட்டை இல்லாத காலத்தில் தாளின் மேல் தாளாகப் பசை பூசி அடுக்கி, பாரம் வைத்துக் காயவிட்டு, மரப்பலகை போல ஆக்கியதாகக் கேள்விப்பட்டிருக்கிறாள். தாளுக்கு எங்கே போவது என்று யோசித்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி நினைவு வந்தது. அதற்குள் அப்பாவின் கல்வெட்டு இருந்தது.

ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு கல்வெட்டுப் புத்தகமும் கொடுத்தனுப்புவது எங்கள் ஆட்களின் வழமை. முன்பக்கத்தில் செத்தவரின் படம், பிறகு அவருடைய பிறப்பு வளர்ப்பு, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்பது, தேவாரங்கள், கடைசியில் நன்றி. எப்போதும் தேவைக்கு மேலேதான் அடிப்பார்கள். மிஞ்சியதை எரிக்க மனம் வராது, சாமானுக்குச் சரை சுற்றக் கடைக்குக் கொடுக்கவும் கூடாது. அதனால் எல்லா வீட்டிலும் கட்டிலுக்குக் கீழே செத்தவர்கள் கட்டுக் கட்டாகக் கிடப்பார்கள்.

சர்மிதா தேவாரத் தாள்களையும் சாமிப் படங்களையும் கவனமாக வெட்டி எடுத்துச் சாமியறையில் வைத்தாள். அதற்குப் பயந்தாள். மிஞ்சியது அப்பா மட்டும்தான். அப்பாவுக்கு என்ன பயம், அவர் செத்துப் பத்து வருசம். ஒரே முகம், ஒரே கண்ணாடி, ஒரே விபூதிக் குறி. அதன் மேல் பிரஷால் பசையை இழுத்து, அடுத்த அப்பாவை வைத்து அமுக்கி, அதன் மேல் பசை.

அப்பா கனகசபாபதி நல்ல மனிசன். தோட்டக்காரன். வலது கையில் மோதிரவிரல் பாதிதான், மிச்சத்தைத் தண்ணீர் இறைக்கிற மெசினின் பெல்ற் எடுத்துக்கொண்டது. அந்தக் கையால் பிள்ளைகளுக்குத் தீத்துவதில், ஊட்டிவிடுவதில், அவருக்கு ஒரு வெறி இருந்தது. ஆரும் சாப்பாடு வேண்டாம் என்று சொல்வதை அவரால் தாங்க ஏலாது. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பிள்ளையை முன்னால் நிறுத்தி, இடக்கையால் இரண்டு கன்னத்தையும் அமுக்கி வாயைப் பிளக்கவைத்து, வலக்கையால் குழைத்த சோற்றை உருட்டி உள்ளே தள்ளுவார். "ஆ காட்டு" என்பார். மெதுவாகத்தான் சொல்வார், கோபமே இருக்காது. ஓங்காளித்தாலும் நிறுத்தமாட்டார். சட்டி வழித்து முடியும்வரை எழும்பமாட்டார். அடிச்சட்டியை வழித்தெடுத்த கடைசி வாய் எப்போதும் கடைக்குட்டி சர்மிதாவுக்கு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும்போது அம்மா பின்னால் நின்று முதுகைத் தடவிச் சொல்லுவாள், "வாங்கு பிள்ளை, அப்பா ஆசையாத் தாறார்."

அந்த முதல்நாள் மத்தியானம் உள் அறையில் அம்மா மூன்றாம் தரமும் கஞ்சியைத் துப்பிய சத்தம் கேட்டது. சர்மிதா பசைப் பிரஷோடு விறாந்தையில் இருந்தாள். முன்னால் அப்பாவின் முகம், வாய்மேல் பசை வடிந்துகொண்டிருந்தது.

"நீங்களெண்டால் எப்பிடியும் தீத்திப்போட்டுத்தானே விடுவியள்," என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "வந்து தீத்துங்கோவன் பாப்பம். என்னாலை ஏலாது."

சொல்லிவிட்டு அடுத்த தாளை வைத்து அமுக்கினாள். அடுத்த நாள்தான் சட்டி காலியானது.

அன்று மத்தியானம் அவள் கஞ்சிக் கோப்பையோடு உள்ளே போனபோது, அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். வழமையான திருப்பல் இல்லை. வாய் ஓரத்தில் ஒரு திருப்தி இருந்தது.

"வேண்டாம் பிள்ளை. இப்பதானே சாப்பிட்டனான்."

ஆர் தந்தது என்று கேட்டதற்கு அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மூளையில் இரத்தம் கட்டினால் இப்படியும் கதைப்பார்கள் என்று டொக்ரர் முன்னமே சொல்லியிருந்தார். சர்மிதா கோப்பையை மேசையில் டக்கென்று வைத்துவிட்டு வந்தாள். கட்டிலோடு அணைத்து ஒரு கதிரை கிடந்தது. அது எப்போதும் சுவர் ஓரம் நிற்கிற கதிரை. தான்தான் இழுத்திருப்பாள் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அதே கதைதான். பசை காய்ச்சி வைத்தால் காணாமல் போகும். மூடி போட்டுக் கல் வைத்தாள், கல் பக்கத்தில் கிடந்தது, சட்டி வெறுஞ்சட்டி. ஒட்டிப் பாரம் வைத்த மட்டைகளைக் காலையில் எடுத்தால் தாள்கள் தனித்தனியாகக் கழன்று வரும், நடுவில் இருந்த பசை சுரண்டி எடுக்கப்பட்டிருக்கும். இராமபாணப் பூச்சி என்றால் தாளையும் அரித்திருக்கும். தாளுக்கு ஒரு கீறலும் இல்லை. அம்மாவோ வாய் திறக்கிறாளில்லை, இப்பதானே சாப்பிட்டனான் என்பதை விட்டால் வேறு கதை இல்லை. ஆனால் ஆள் வாடவில்லை. பார்க்கப் பார்க்கக் கன்னம் வைத்தது. பிரசர் பார்க்க வருகிற தாதி துஷாந்தினி, அன்ரி நல்லாத் தேறிட்டா, என்ன குடுக்கிறியள் அக்கா என்று கேட்டபோது சர்மிதாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒன்றும் குடுக்கேல்லை என்றா சொல்லுவது.

சில மத்தியானங்களில், வெயில் முற்றத்தில் கொதிக்கிற நேரத்தில், தைத்துக்கொண்டிருக்கிற ஊசி அப்படியே நின்றுவிடும். உள்ளே அம்மா விழுங்குகிற சத்தம் கேட்கிறது போலிருக்கும். தொண்டைக்குள் ஒன்று இறங்குகிற, ஈரமான, மெல்லிய சத்தம். எழும்பிப் போய்ப் பார்த்தால் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடப்பாள். கதிரை கட்டிலோடு அணைத்தபடி இருக்கும். சுவரோரம் தள்ளிவிட்டு வருவாள். வந்து இருந்து நூலைக் கோத்தால் ஊசிக் கண்ணில் ஏறாது, அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வரும்.

மாஸ்ரர் வந்தார். அவள் முதலில் முடித்து அனுப்பிய புத்தகங்களைத் திரும்பக் கொண்டுவந்திருந்தார். மட்டைகள் வேறாக, தாள்கள் வேறாக. விறாந்தையில் நின்றபடியே ஒன்றை விரித்துக் காட்டினார். மட்டை பிளந்த இடத்தில் அப்பாவின் முகம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிள்ளை, நீர் இதை என்னத்தாலை ஒட்டினனீர்?" என்று கேட்டார். "பச்சைத் தண்ணியாலையோ?"

அவர் போன பிறகும் அந்தக் கேள்வி விறாந்தையில் நின்றது. வேலையில் அவளை ஆரும் குறை சொன்னதில்லை. அச்சகத்தில் அவள் கட்டிய புத்தகம் தனியாகத் தெரியும் என்று முதலாளியே சொன்னதுண்டு. பிள்ளை இல்லை, குட்டி இல்லை, படுக்கையில் ஒரு அம்மா, கையில் ஒரு தொழில். அதையும் ஏதோ ஒரு பிராணி நக்கித் தின்கிறது. இனிப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பின்வளவில் இருந்த கொட்டிலுக்குப் போனாள்.

அப்பா திராட்சைப் பந்தலுக்கு அடிக்க வைத்திருந்த மயில்துத்தம் ஒரு போத்தலில் இன்னும் இருந்தது. நீலக் கல்லுப் போல, பார்க்க அழகான சாமான், உள்ளே போனால் குடலை அறுக்கும். பூச்சி அண்டாமல் இருக்கப் பசைக்குள் ஒரு நுள்ளுப் போடுவது புத்தகம் கட்டுகிறவர்களின் பழக்கம்தான். நோயாளி இருக்கிற வீடு என்று அவள் இதுவரை போடாமல் விட்டிருந்தாள். இப்போது ஒரு நுள்ளு இடித்துப் போட்டாள். சட்டியைப் பார்த்தாள். பிறகு போத்தலைக் கவிழ்த்து இன்னும் ஒரு பிடி. தின்கிற சனியன் தின்றுவிட்டுச் சாகட்டும். பசை வானம் போல நீலமாகத் திரண்டு வந்தது. நாற்றம் செம்புக் குடத்து நாற்றம்.

ஆனாலும் அவள் கவனமில்லாதவள் அல்ல. பிராணி என்றால் பலகை இடுக்கால் நுழையும், ஆனால் ஆரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று சட்டியை விறாந்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டாள். அம்மாவின் மருந்துக் குளிசை முடிந்திருந்தது. ஒருக்கால் எட்டிப் பாருங்கோ அக்கா என்று அடுத்த வளவு அன்னபூரணத்திடம் சொல்லிவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் வரிசை. திரும்பிவர பஸ் இல்லை, வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் சுருவிலில் இறங்கும்போது பொழுதுபட்டு, ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. கடற்பக்கத்தில் இருந்து உப்புக் காற்று வேலி மட்டைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அன்னபூரணம் அக்கா தன் படலையில் நின்றாள்.

அம்மா ஒன்றுக்கும் கஷ்டப்படவில்லை என்று அக்கா சொன்னாள். பின்னேரம் தேத்தண்ணி கொண்டுபோனாளாம், ஆனால் அறைக்குள் போகவில்லையாம்.

"கொண்ணன் கதைச்சுக்கொண்டிருந்தவர், அதுதான் நான் குழப்பேல்லை," என்றாள்.

"அண்ணையோ? எதிலை?"

"ரெலிபோனிலைதான். வேறை எப்பிடி? ஆ காட்டு, ஆ காட்டு எண்டு குழந்தைக்குச் சொல்லுற மாதிரி. அம்மாவிலை அவருக்குச் சரியான பட்சம்."

கைபேசி சர்மிதாவின் கைப்பைக்குள் இருந்தது. அந்த வீட்டில் வேறு கைபேசி இல்லை. சர்மிதா திரும்பினாள். நடந்தாள். தன் படலையைத் திறந்தாள். முற்றத்து மண் காலுக்குள் புதைந்தது.

விறாந்தை இருட்டு. கொடியில் கவிழ்த்துப் போட்ட புத்தகங்கள் காற்றுக்கு மெல்ல அசைந்தன. சேற்று மணம். டெற்றோல். இப்போது புதிதாக ஒன்று, செம்பு.

அலுமாரி பூட்டியே இருந்தது. இழுத்துப் பார்த்தாள், பூட்டு அசையவில்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. கழுத்துச் சங்கிலியை இழுத்துத் திறப்பைப் போட்டாள். கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்தாள்.

சட்டி இல்லை.

தட்டில் பசை இழுபட்டிருந்தது. நீலமாக. விரல் அடையாளம். மூன்று நீளம். ஒன்று குட்டை.

அவளுக்கு விளங்கிவிட்டது. முழுவதும் ஒரே அடியாக விளங்கியது. தீத்துங்கோவன் பாப்பம் என்று கேட்டது அவள். கேட்டபடியே அவர் வந்து, கையில் அகப்பட்டதைத் தீத்தியிருக்கிறார். வெறும் மா. அம்மா தேறினாள். இன்றைக்கு அதற்குள் நஞ்சைப் போட்டதும் அவள்தான்.

"அம்மா!"

உள் அறையில் விழுங்குகிற சத்தம்.

ஓடினாள். மடித்து வைத்த தாள் கட்டொன்றில் கால் இடறியது. வாசலில் வெளிச்சம் ஆடியது. கட்டில். கட்டிலோடு கதிரை. கதிரையில் ஆரும் இல்லை. சட்டி கட்டில் விளிம்பில், மெத்தைக்குள் கொஞ்சம் அமுங்கி இருந்தது.

அம்மாவின் இரண்டு கன்னமும் உள்ளே குழிந்திருந்தன. ஒரு பக்கம் ஒரு குழி. மற்றப் பக்கம் வரிசையாக நாலு. அமுக்குகிற கை இல்லை. வாய் பிளந்திருந்தது. நாக்கு நீலம். தாடை நீலம். கழுத்து மடிப்புகளில் நீலம் காய்ந்து வெடித்திருந்தது. கண் மட்டும் திரும்பி மகளைப் பார்த்தது. அதிலிருந்து தண்ணீர் வழிந்தது.

சர்மிதா அம்மாவின் முகத்தைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய விரல்களுக்குக் கீழே அம்மாவின் தோல் இல்லை. வேறு விரல்கள் இருந்தன. தடித்த, காய்த்துப்போன, தோட்ட விரல்கள். சூடாக இருந்தன. பசையால் பிசுபிசுத்தன.

"அப்பா, அது சாப்பாடில்லை," என்று கத்தினாள். "நான் நஞ்சு போட்டனான். அப்பா, காணும், போதும். விடுங்கோ."

சட்டிக்குள் சுரண்டுகிற சத்தம் நின்றது. காற்றும் நின்றது போலிருந்தது. கேட்டுவிட்டார் என்று நினைத்தாள். அம்மாவின் கன்னக் குழிகள் மெதுவாக நிரம்பின. தலை தலையணையில் சாய்ந்தது. நெஞ்சு ஏறியது, இறங்கியது. பிறகு ஏறவில்லை.

அவள் அம்மாவைப் போட்டு உலுப்பினாள். அம்மா அம்மா என்று மட்டும்தான் வாயில் வந்தது.

கைபேசி கட்டிலில் மல்லாந்து கிடந்தது. அதன் வெளிச்சம் சட்டிக்குள் விழுந்தது. அடியில் கொஞ்சம் பசை மிச்சம் இருந்தது. அவள் பார்க்கப் பார்க்க அதில் கோடுகள் விழுந்தன. மூன்று நீளம். ஒன்று குட்டை. சட்டி சுற்றிவரத் துப்புரவாக வழிக்கப்பட்டது. மிஞ்சியதெல்லாம் ஒன்றாகத் திரண்டு, உருண்டு, மேலே எழும்பியது.

கதிரை நிலத்தில் உராய்ந்து அவள் பக்கம் திரும்பியது.

கன்னத்தில் ஒரு பெருவிரல் பட்டது. பிறகு மற்றப் பக்கம் நாலு. அவள் பல்லைக் கடித்தாள். சின்ன வயதில் கடித்த மாதிரியே கடித்தாள். அது அப்போதும் நின்று பிடித்ததில்லை.

"ஆ காட்டு."

மூச்சு நின்ற அம்மாவின் கை முதுகில் வந்து படிந்தது. விளங்காத வலது கை. மெல்ல, மேலும் கீழுமாக, தடவியது. காதோடு ஒரு நீல வாய் திறந்தது.

"வாங்கு பிள்ளை," என்றாள் அம்மா. "அப்பா ஆசையாத் தாறார்."